62 வயதும் 630 கோடி யூரோவும்: ஹங்கேரி அரசும் ஐரோப்பிய ஒன்றியமும், 2010–2024

ஹங்கேரியில் ஒரு நீதிபதி 70 வயது வரை பணியில் இருக்கலாம் என்பதே 2011 வரை விதி. புதிய அரசியல் சாசனம் அதை 62 ஆக்கியது. 2012 ஜனவரி 1க்கு முன்பே 62ஐத் தாண்டியிருந்தவர்கள் அவ்வாண்டு ஜூன் 30 அன்று பணி விலக வேண்டும். அந்த ஆண்டுக்குள் 62ஐத் தொடுபவர்களுக்கு டிசம்பர் 31 கெடு. சுமார் 270 பேருக்கு இந்த விதி பொருந்தியது. நாட்டின் நீதிபதிகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவர். மூத்தவர்கள் என்பதால் நீதிமன்றத் தலைவர்களும் அமர்வுகளுக்குத் தலைமை தாங்கியவர்களும் அவர்களுக்குள் நிறையவே இருந்தார்கள்.

எல்லா அரசுப் பணிக்கும் ஒரே ஓய்வு வயது இருக்க வேண்டும், இளையவர்களுக்கும் வழி விட வேண்டும் என்று அரசு காரணம் சொன்னது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் நாட்டின் பொது ஓய்வு வயது 2014 முதல் படிப்படியாக 65க்கு ஏறப்போகிறது என்பது ஏற்கெனவே முடிவான விஷயம். நீதிபதிகளை மட்டும் ஒரே ஆண்டில் எட்டுப் படி கீழே இறக்கிவிட்டு, மறுபடி மூன்று படி ஏற்றுவானேன்? காலியாகும் இடங்களை நிரப்பப்போவது யார் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். நீதிபதி நியமனங்களைக் கவனிக்க தேசிய நீதித்துறை அலுவலகம் என்ற புதிய அமைப்பு உருவானது. நாடாளுமன்றம் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் துன்டே ஹாண்டோ. ஆளுங்கட்சியின் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரும் புதிய சாசனத்தை எழுதியவர்களில் முதன்மையானவருமான யோசெஃப் சாயெரின் மனைவி.

இந்த ஒரு வழக்கைச் சரியாகப் புரிந்துகொண்டால் அடுத்த பன்னிரண்டு ஆண்டுக் கதையும் பிடிபட்டுவிடும் என்பது என் எண்ணம். அதனால்தான் அதிலிருந்து தொடங்குகிறேன்.

வயது என்ற வாசல்

ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2012 ஜூனில் லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றிய நீதிமன்றத்துக்குப் போனது. நீதித்துறையின் சுதந்திரம் பறிபோகிறது என்பதுதான் எல்லோர் மனத்திலும் இருந்த குற்றச்சாட்டு. ஆனால் மனுவில் அது இல்லை. ஓர் உறுப்பு நாட்டின் நீதிமன்ற அமைப்பை நேரடியாகக் கேள்வி கேட்கும் துணிவு அன்றைய ஆணையத்துக்கு இருக்கவில்லை. கையில் இருந்தது, வேலையில் வயது, மதம் முதலியவற்றைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்ற 2000ஆம் ஆண்டு நெறிமுறைச் சட்டம். ஆக, நீதிமன்றங்களைக் கைப்பற்றும் முயற்சிக்கு எதிரான வழக்கு, முதியவர்களுக்கு எதிரான பாகுபாடு என்ற வாசல் வழியாக உள்ளே போனது.

வழக்கில் வெற்றிதான். விரைவு நடைமுறையில் விசாரித்து ஐந்தே மாதத்தில், 2012 நவம்பர் 6 அன்று தீர்ப்பு வந்தது. 62 முதல் 70 வரையிலான எட்டு வயதுப் பிரிவினரும் ஒரே ஆண்டுக்குள் வெளியேறும்படி செய்ததை நீதிமன்றம் சரியாகவே சுட்டிக்காட்டியது. அதற்கு முன்பே, ஜூலையில், ஹங்கேரியின் அரசியல் சாசன நீதிமன்றமும் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று சொல்லியிருந்தது. இரண்டு தீர்ப்புகள் வருவதற்குள் முதல் அணி வீட்டுக்குப் போய்விட்டது. 2013இல் நாடாளுமன்றம் விதியைத் திருத்தி 65 என்ற வயதுக்குப் படிப்படியாக இறங்கும் ஏற்பாட்டைச் செய்தது. வெளியேற்றப்பட்டவர்கள் திரும்பலாம், அல்லது இழப்பீடு பெற்றுக்கொள்ளலாம். ஆனால் தலைமைப் பதவியில் இருந்தவரின் இடம் அதற்குள் நிரப்பப்பட்டிருந்தால் அந்தப் பதவி அவருக்குத் திரும்பக் கிடைக்காது. பலர் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு ஒதுங்கினார்கள்.

ஆணையம் வழக்கை முடித்துக் கோப்பை மூடியது. சட்டம் திருத்தப்பட்டது, எனவே மீறல் நீங்கியது. யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்ற கேள்விக்கு அந்தக் கோப்பில் பத்தியே இல்லை. ஒன்றியம் சட்டப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தது. பிரதமர் விக்டர் ஓர்பானின் அரசு நாள்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தது.

உச்ச நீதிமன்றத் தலைவர் ஆந்திராஷ் பாகாவின் கதை இதைவிடக் கூர்மையானது. ஆறு ஆண்டுக் காலத்துக்கு 2009இல் தேர்வானவர் அவர். அரசின் நீதித்துறைச் சட்டங்களை வெளிப்படையாக விமர்சித்தார். உச்ச நீதிமன்றத்தின் பெயர் 'கூரியா' என்று மாறியது. பெயர் மாறியதால் பழைய தலைவரின் பதவிக்காலமும் முடிந்தது. புதிய தலைவருக்கு ஹங்கேரியில் குறைந்தது ஐந்து ஆண்டு நீதிபதி அனுபவம் வேண்டும் என்று ஒரு தகுதி சேர்ந்தது. பாகா 17 ஆண்டுகள் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். அந்த 17 ஆண்டுகள் கணக்கில் வரவில்லை! அதே ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம், அவர் நீக்கப்பட்டது உரிமை மீறல் என்று 2016இல் தீர்ப்பளித்தது. நாற்காலி நான்கு ஆண்டுகளாக வேறொருவரிடம் இருந்தது. 2020இல் அதே நாற்காலிக்கு, சாதாரண நீதிமன்றம் எதிலும் நீதிபதியாக இருந்திராத ஒருவர் தேர்வானார். அதற்கு வசதியாக விதிகள் முன்பே மாறியிருந்தன. நீதிபதிகளின் சொந்த மன்றம் எதிர்த்து வாக்களித்தும் பயனில்லை.

மக்கள் என்று யாரைச் சொல்வது

பாப்புலிசத்தைத் தமிழில் வெகுஜனவாதம் என்று எழுதுகிறோம். நம் ஊர்ப் பேச்சில் அது இலவச மிக்சி, கிரைண்டர், கடன் தள்ளுபடி என்ற பொருளில்தான் பெரும்பாலும் புழங்குகிறது. இங்கே பொருள் வேறு. மக்கள் ஒரே உடல், ஒரே குரல். அந்தக் குரல் எங்கள் வாயில்தான் பேசுகிறது. குறுக்கே நிற்கும் நீதிபதியோ அதிகாரியோ ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸோ மக்களுக்கு வெளியே உள்ளவர்கள். இந்த வாதத்தைத்தான் சொல்கிறேன். இலவசம் கொடுக்காமலேயே இதைச் செய்யலாம்.

ஹங்கேரி அந்த வாதத்துக்குச் செவிசாய்த்ததற்குக் காரணங்கள் இருந்தன. முந்தைய சோஷலிஸ்ட் பிரதமர், வாக்காளர்களிடம் பொய் சொன்னதாகக் கட்சிக்காரர்களிடம் ஒப்புக்கொண்ட பேச்சு 2006இல் வெளியே கசிந்தது. 2008இல் நாடு திவாலாகும் நிலைக்குப் போய், பன்னாட்டு நிதியம், ஐரோப்பிய ஒன்றியம், உலக வங்கி மூன்றிடமும் சேர்த்து 2,000 கோடி யூரோ உதவிக் கடனுக்குக் கையேந்தியது. சுவிஸ் பிராங்கில் வீட்டுக்கடன் வாங்கிய குடும்பங்களின் மாதத் தவணை எகிறியது. 2010 ஏப்ரல் தேர்தலில் ஓர்பானின் ஃபிடெஸ் கூட்டணி 386 இடங்களில் 263ஐப் பிடித்தது. வாக்கு விகிதம் 53 விழுக்காட்டை ஒட்டி. இருக்கைகள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். அரசியல் சாசனத்தையே மாற்ற அது போதும்.

அந்தக் கோடையில் நாடாளுமன்றம் 'தேசிய ஒத்துழைப்புப் பிரகடனம்' ஒன்றை நிறைவேற்றியது. வாக்குச்சாவடியில் ஒரு புரட்சி நடந்தது என்பது அதன் சாரம். அதை 50க்கு 70 சென்டிமீட்டர் அளவில் அச்சிட்டுப் பொது அலுவலகங்களில் மாட்ட வேண்டும் என்று அரசு ஆணை வந்தது. அலுவலகச் சுவரில் தலைவர் படம் பார்த்தே வளர்ந்த நமக்கு இது சிறு விஷயமாகத் தோன்றலாம். ஆனால் கோப்பு எழுதுகிற குமாஸ்தாவின் தலைக்கு மேல் ஆளுங்கட்சியின் தேர்தல் வெற்றியே ஆவணமாகத் தொங்குவது வேறு வகை.

அரசுப் பணிச் சீர்திருத்தம் அதே ஆண்டில் தொடங்கியது. காரணம் சொல்லாமலே ஓர் அதிகாரியை இரண்டு மாத முன்னறிவிப்பில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று சட்டம் வந்தது. பணி முடிவில் கிடைக்கும் தொகையில் ஒரு வரம்புக்கு மேற்பட்டதற்கு 98 விழுக்காடு வரி, அதுவும் முன்தேதியிட்டு. அரசியல் சாசன நீதிமன்றம் அந்த வரியை ரத்து செய்தது. நாடாளுமன்றம் திரும்ப நிறைவேற்றியதோடு, வரவு செலவு, வரி விவகாரங்களில் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தையே வெட்டியது. பணிநீக்கச் சட்டத்தை ஸ்ட்ராஸ்பர்க் 2012இலும், வரியை 2013இலும் கண்டித்தது. அதற்குள் போக வேண்டியவர்கள் போயிருந்தார்கள்.

எல்லாமே கேடு என்று எழுதினால் அது நேர்மையாகாது. 2011 தொடக்கத்தில் சிதறிக் கிடந்த மாவட்ட அளவு அலுவலகங்கள் அரசு அலுவலகம் என்ற ஒரே கூரைக்குள் வந்தன. 2013இல் அதற்குக் கீழே வட்ட அலுவலகங்கள். 'கோர்மான்யாப்லாக்', அதாவது அரசுச் சாளரம் என்ற பெயரில் ஒரே இடத்தில் பல வேலைகளை முடித்துத் தரும் மையங்கள் திறந்தன. பாஸ்போர்ட்டுக்கு ஒரு கட்டடம், வாகனப் பதிவுக்கு இன்னொரு கட்டடம் என்று அலைந்தவர்களுக்கு அது உண்மையான ஆறுதல். இந்தச் சீர்திருத்தத்தில் கணிசமான பகுதிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியே செலவானது. சாளரம் வசதியானது, அதன் பின்னால் அதிகாரம் ஒரே கைக்குப் போனது. இரண்டும் ஒரே திட்டத்தின் பாகங்கள்.

சாக்பீஸுக்கும் தலைநகரைக் கேட்க வேண்டும்

மையப்படுத்தல் எப்படி நடந்தது என்பதைப் பள்ளிகளில்தான் கண்ணெதிரே பார்க்கலாம். 2013 ஜனவரி 1 முதல் உள்ளாட்சிகளின் கையில் இருந்த அரசுப் பள்ளிகளை க்ளெபெல்ஸ்பெர்க் மையம் என்ற ஒரே அமைப்பு எடுத்துக்கொண்டது. சுருக்கமாக க்ளிக். இரண்டு உலகப் போர்களுக்கு இடையே கிராமம் கிராமமாகப் பள்ளிக் கட்டடங்கள் எழுப்பிய கல்வி அமைச்சரின் பெயர் அது. அவர் கட்டிய பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கு, அவர் பெயரைத் தாங்கிய மையம் சொந்தமாக ஒரு பல்பு மாற்றும் அதிகாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒரே முதலாளியின் ஊழியர்கள் ஆனார்கள். உள்ளாட்சிகள் கடனில் மூழ்கியிருந்தன, ஏழைக் கிராமத்துப் பள்ளிக்கும் பணக்கார நகரத்துப் பள்ளிக்கும் இடைவெளி பெருகியிருந்தது என்று அரசு சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் மையம் வந்தபின் சாக்பீஸுக்கும் கழிவறைக் காகிதத்துக்கும் தட்டுப்பாடு. பெற்றோர் வாங்கிக் கொடுத்தார்கள். கட்டணப் பாக்கிகள் குவிந்தன. 2016 தொடக்கத்தில் மிஷ்கோல்ஸ் நகரத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர்கள் எழுதிய திறந்த மடல் நாடெங்கும் பரவியது. தலைநகரில் பெரும் பேரணிகள் நடந்தன. முன்னாள் கல்வித் துறை அரசுச் செயலாளர் ஒருவர், சவரம் செய்யாமல் கட்டம் போட்ட சட்டையில் திரியும் ஆசிரியர்களை ஏளனமாகப் பேசினார். விரைவிலேயே கட்டம் போட்ட சட்டை போராட்டத்தின் சீருடையாகிவிட்டது. 2017 தொடக்கத்தில் க்ளிக் கலைக்கப்பட்டு, ஏறக்குறைய அறுபது வட்டார மையங்களாகப் பிரிந்தது. உள்ளாட்சிக்குத் திரும்பவில்லை.

இதில் ஒன்றியம் எங்கே? எங்கும் இல்லை. பள்ளிக் கல்வி உறுப்பு நாடுகளின் அதிகாரம். ஆண்டுதோறும் பரிந்துரை எழுதலாம், அவ்வளவுதான். ஆனால் கதை வேறு வழியில் பிரஸ்ஸல்ஸுக்கு வந்துசேர்ந்தது. சம்பளம் கேட்டு 2022இல் ஆசிரியர்கள் மீண்டும் தெருவுக்கு வந்தபோது, வேலைநிறுத்த உரிமையை அரசாணை ஒன்று சுருக்கியது. சட்ட மறுப்பில் ஈடுபட்ட சிலர் வேலையை இழந்தார்கள். 2023இல் வந்த சட்டம் ஆசிரியர்களின் பொது ஊழியர் தகுதியையே எடுத்துவிட்டது. எதிர்த்தவர்கள் அதைப் பழிவாங்கும் சட்டம் என்றார்கள். சம்பளத்தை உயர்த்தத் தயார், பிரஸ்ஸல்ஸ் பணத்தை அடைத்து வைத்திருக்கிறதே என்பதுதான் அரசின் பதில். ஆசிரியரின் கோபத்தைத் தலைநகரிலிருந்து வேறொரு தலைநகருக்குத் திருப்பிவிடும் கலை!

மயிலாட்டம்

ஒன்றியத்தோடு தான் நடத்தும் ராஜதந்திரத்தை ஓர்பான் 2012இல் மயில் நடனம் என்று சொன்னார். எதிராளி கேட்பதில் சிலவற்றுக்குத் தலையாட்டுவது, அவற்றில் சில ஏற்கெனவே செய்து முடித்தவையாக இருப்பது, வேண்டாதவற்றை மறுத்துவிட்டு, 'பெரும்பாலானவற்றை ஒப்புக்கொண்டோமே' என்பது. நம் ஊர் மயிலாட்டக் கலைஞர் இதைவிட நேர்மையாகத் தோகை விரிப்பார்.

அதே 2012இல் நடந்த இன்னொரு விஷயத்தை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். ஹங்கேரியின் பற்றாக்குறை வரம்பை மீறுகிறது என்று காட்டி, மறு ஆண்டுக்குரிய ஒருங்கிணைப்பு நிதியில் 49.5 கோடி யூரோவை நிறுத்திவைக்க ஒன்றிய அமைச்சர்கள் மார்ச்சில் முடிவெடுத்தார்கள். புடாபெஸ்ட், அதாவது ஹங்கேரி அரசு, கணக்கைச் சரிசெய்தது. ஜூனில் தடை நீங்கியது. மூன்று மாதம். பற்றாக்குறைக்குப் பணத்தை நிறுத்த விதி இருந்தது, நீதிபதிகளுக்கு இல்லை. அப்படி ஒரு விதியை உருவாக்கிப் பயன்படுத்தப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

இடைப்பட்ட ஆண்டுகளில் ஒன்றியத்தின் பெரிய ஆயுதம் எனப்பட்டது உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு. 2018 செப்டம்பர் 12 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 448க்கு 197 என்ற கணக்கில் அதை ஹங்கேரி மீது தொடங்கியது. வாக்குரிமையைப் பறிப்பதற்கு முன், மீறல் உண்டு என்று மற்ற நாடுகள் அனைத்தும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும். போலந்து மீதும் அதே நடைமுறை ஓடிக்கொண்டிருந்தது. இவருக்கு அவர், அவருக்கு இவர். ஆயுதம் உறையிலேயே கிடந்தது.

அகதிகள் பங்கீடு உள்நாட்டில் ஓர்பானுக்குக் கிடைத்த வரம். 2015இல் பெரும்பான்மை வாக்கில் முடிவான திட்டத்தின்படி ஹங்கேரி ஏற்க வேண்டியவர்கள் 1,294 பேர். ஒருவரையும் ஏற்கவில்லை. 2016 அக்டோபர் பொது வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் அரசின் பக்கம் நின்றாலும், பாதிப் பேர்கூட வராததால் அது செல்லாமல் போனது. மறு ஆண்டு 'பிரஸ்ஸல்ஸைத் தடுத்து நிறுத்துவோம்' என்ற தலைப்பில் வீடுவீடாகக் கேள்வித்தாள் போனது. அந்த வீடுகள் இருக்கும் ஊர்களின் சாலைக்கும் சாக்கடைக்கும் ஒன்றிய நிதி வந்துகொண்டிருந்தது.

2020 டிசம்பரில்தான் நிபந்தனை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. சட்ட ஆட்சி மீறலால் ஒன்றியத்தின் வரவு செலவுக்கு ஆபத்து என்றால் நிதியை நிறுத்தலாம். ஒருமனம் வேண்டாம், தகுதிப் பெரும்பான்மை போதும். கவனியுங்கள், மறுபடியும் பக்கவாசல்தான். அன்று வயது, இன்று டெண்டர் கணக்கு. நீதிமன்றம் சுதந்திரமாக இல்லை என்பதற்காக அல்ல, அதனால் ஒன்றியத்தின் பணம் திருடு போகலாம் என்பதற்காக.

ஹங்கேரியும் போலந்தும் ஏழாண்டு நிதித் திட்டத்தையே முடக்கி மிரட்டின. லக்சம்பர்க் தீர்ப்பு வரும் வரை சட்டத்தைப் பயன்படுத்துவதில்லை என்ற சமரசத்தில் இறங்கி வந்தன. தீர்ப்பு 2022 பிப்ரவரி 16 அன்று ஆணையத்துக்குச் சாதகமாக வந்தது. ஹங்கேரியில் ஏப்ரல் 3 அன்று தேர்தல். ஓர்பான் மறுபடியும் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்தார். நடவடிக்கை தொடங்குகிறது என்று ஆணையத் தலைவர் ஊர்சுலா ஃபான் டெர் லையன் அறிவித்தது ஏப்ரல் 5. இந்த இரண்டு நாள் இடைவெளியைத் தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

புடாபெஸ்ட் 17 திருத்த நடவடிக்கைகளை முன்வைத்தது. ஊழல் தடுப்புக்கு நேர்மை ஆணையம் ஒன்றும் பிறந்தது. போதாது என்றது ஐரோப்பிய ஆணையம். 750 கோடி யூரோவை நிறுத்தப் பரிந்துரை. அமைச்சர்கள் 2022 டிசம்பர் 15 அன்று அதை 630 கோடியாகக் குறைத்தார்கள். குறைந்ததன் பின்னணி வெளிப்படையானது. உக்ரைனுக்கு 1,800 கோடி யூரோ கடன், பெருநிறுவனங்களுக்கு 15 விழுக்காடு குறைந்தபட்ச வரி ஆகிய இரண்டையும் ஹங்கேரி தன் வீட்டோவால் அடைத்து வைத்திருந்தது. இரண்டும் திறந்தன, தொகையும் இறங்கியது. கோவிட் மீட்பு நிதியில் ஹங்கேரியின் பங்கான 580 கோடி யூரோ மானியத் திட்டமும் அப்போதே ஒப்புதல் பெற்றது, 27 நிபந்தனைகள் நிறைவேறும் வரை பணம் கிடையாது என்ற பூட்டோடு. அறக்கட்டளைகளிடம் ஒப்படைக்கப்பட்ட 21 பல்கலைக்கழகங்கள் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத்திலும் ஆராய்ச்சித் திட்டங்களிலும் புதிய ஒப்பந்தங்களை இழந்தன. அறக்கட்டளை வாரியங்களில் அமைச்சர்கள் அமர்ந்ததற்கு மாணவர்கள் விலை கொடுத்தார்கள்.

பூட்டு ஓரளவு வேலை செய்தது. 2023இல் நிறைவேறிய நீதித்துறைச் சட்டம், நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் மன்றத்துக்கு உண்மையான அதிகாரம் தந்தது. பத்து ஆண்டுத் தீர்ப்புகளால் ஆகாதது அது. குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் பரிசு எப்போது வந்தது என்பதையும் பாருங்கள். 2023 டிசம்பர் 13 அன்று ஆணையம் 1,020 கோடி யூரோவைத் திறந்துவிட்டது. மறுநாள் உச்சிமாநாட்டில் உக்ரைனுடன் சேர்க்கைப் பேச்சைத் தொடங்கும் முடிவு. எதிர்ப்பேன் என்று சொல்லிவந்த ஓர்பான், காபி குடித்துவிட்டு வரலாமே என்ற அன்றைய ஜெர்மானியப் பிரதமர் ஓலாஃப் ஷோல்ஸின் யோசனைப்படி முடிவு நேரத்தில் அறையை விட்டு வெளியே போனார். மற்ற 26 பேரும் முடிவெடுத்தார்கள். சீர்திருத்தத்துக்குக் கொடுத்த பணமா, காபிக்குக் கொடுத்த பணமா? ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கே சந்தேகம். 2024 மார்ச்சில் ஆணையத்தின் மீது வழக்குப் போட்டது. ஆசிரியர்களுக்கு அந்த ஆண்டு 32.2 விழுக்காடு சம்பள உயர்வு கிடைத்தது, ஒன்றிய நிதியின் துணையோடு.

போலந்தில் நடந்தது இன்னொரு கோணம். அங்கே 2023 டிசம்பரில் ஆட்சி மாறியது. இரண்டே மாதத்தில் 13,700 கோடி யூரோ வரைக்குமான நிதிக்கு வழி திறந்தது. நீதித்துறைச் சட்டங்கள் அப்போது மாறியிருக்கவில்லை. செயல்திட்டம் ஒன்றை நம்பி, அதைக் கொண்டுவந்த ஆட்களை நம்பிப் பணம் போனது. சட்டத்தை மட்டுமே படிப்பதாகச் சொன்ன ஒன்றியம் நாற்காலியில் இருப்பவரின் முகத்தையும் பார்க்கத் தொடங்கியிருந்தது. நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் புடாபெஸ்டின் பிரசாரத்துக்கு இதைவிடத் தோதான சாட்சி கிடைத்திருக்காது.

2024 ஜூன் 13 அன்று, புகலிடம் கேட்டு வருவோரை நடத்தும் விதம் பற்றிய முந்தைய தீர்ப்பை மதிக்காததற்காக லக்சம்பர்க் நீதிமன்றம் ஹங்கேரிக்கு 20 கோடி யூரோ அபராதமும், இணங்கும் வரை நாளுக்கு 10 லட்சம் யூரோவும் விதித்தது. புடாபெஸ்ட் கட்ட மறுத்தது. ஹங்கேரிக்குப் போக வேண்டிய நிதியிலிருந்தே அதைக் கழிக்க ஆணையம் முடிவெடுத்தது. தேதிகளை வைத்து ஆடும் ஆட்டத்தில் அதுவரை ஓர்பான்தான் முந்திக்கொண்டிருந்தார். ஆனால் நிபந்தனைச் சட்டத்தில் ஒரு சிறு விதி இருந்தது. நிறுத்தப்பட்ட பணத்தை இரண்டு ஆண்டுக்குள் மீட்காவிட்டால் அது காலாவதியாகும். 2022ஆம் ஆண்டுக் கணக்கில் முடங்கிய தொகையில் 104 கோடி யூரோ, 2024 டிசம்பர் 31 நள்ளிரவோடு ஹங்கேரியின் கையைவிட்டு நிரந்தரமாகப் போனது.